ஓரெழுத்துக் கூலி

என் பேனா நகராது.
நின்ற இடத்தில் நின்று
குத்திக்கொண்டே இருக்கும்.
தாள்தான் நகர வேண்டும்;
தாள் என்றால் துணி.
வலது முழங்கால் நெம்புகோலை அழுத்த
தையல் அகலும்,
விட்டால் ஒடுங்கும்.
கோடு தடிப்பதும் மெலிவதும்
முட்டியின் வேலை.
குளிர்காலத்தில் என் எழுத்து
சற்று ஒல்லியாகத்தான் இருக்கும்.

ஜெச்சோன் சந்தைச் சந்தில்
மீன்வறுவலுக்கும் சாவிக் கடைக்கும் நடுவே
ஆறடி அகலம் என் கடை.
பள்ளிச் சீருடைக்குப் பெயர்,
பாடகர் அங்கிக்குச் சிலுவை,
அறுபது நிறைந்தவர் விருந்தில் கொடுக்கும் துண்டுக்குத்
தேதியும் வாழ்த்தும்.
பெயரென்றால் எழுத்துக்கு ஆயிரம் வோன்.
வட்டம் வந்தால்
கூடக் கேட்கத் தோன்றும்; கேட்டதில்லை.

எங்கள் எழுத்தில் ஒரு வட்டம் உண்டு.
தலையில் வைத்தால் ஊமை,
காலில் வைத்தால்
மணி அடித்து ஓய்ந்தபின் நிற்கும் ரீங்காரம்.
ஊமையோ மணியோ
தொடங்கிய துளைக்கே திரும்பி வர வேண்டும்.
ஒரு தையல் பிசகினால் முட்டை,
இரண்டு பிசகினால் உருளைக்கிழங்கு.

செவ்வாய் மாலை, நல்ல மழை.
பதினேழு வயதிருக்கும்.
சொட்டும் குடையோடு உள்ளே வந்து
கறுப்பு பெல்ட் ஒன்றை மேசையில் வைத்தாள்.
தேக்வாண்டோ பெல்ட்.
முடிச்சு விழும் இடம் தேய்ந்து
உள்ளிருக்கும் வெள்ளை எட்டிப் பார்த்தது.
நுனியில் பொன்னூலில் மூன்றெழுத்து:
தாக் ஹே ரின்.

"தாக்கை எடுத்துட்டு
ஓக்னு போடணும்."

யாருடைய ஓக் என்று கேட்கவில்லை.
நீதிமன்றத் தாளை
அவளாகவே விரித்துக் காட்டினாள்,
என் கடை ஏதோ காவல் நிலையம் போல.

"புது பெல்ட் வாங்கிக்கோ, அது நல்லா இருக்கும்" என்றேன்.
வியாபாரம் தெரியாதவள் நான்.
"உதை வாங்கினதெல்லாம் இதுலதான்" என்றாள்.

பிரிப்பதைப் பின்பக்கம் தொடங்க வேண்டும்.
முன்னால் பொன்;
பின்னால் அடிநூல், வெறும் வெள்ளை.
அதை அறுத்தால்
பொன் தானே பிடியை விடும்.

மூன்று பல் சீப்பு போல இருந்த மெய் போயிற்று.
பக்கத்தில் ஒற்றைக் கை நீட்டி நின்ற
உயிரும் போயிற்று.
அடியில் ஒற்று மட்டும்,
அரிவாளாக வளைந்து.

கத்தரி நின்றது.
தாக்கின் காலிலும் அதே க்.
ஓக்கின் காலிலும் அதே க்.

"இதைப் பிரிக்க வேண்டாமே,
மேலே மட்டும் மாத்தினா போதும்.
துணிக்கும் துளை மிச்சம்."

குனிந்து பார்த்தாள்.
பக்கத்துக் கடையில் சாவி ஒன்று
அரைபட்டு முடிந்தது.
"அதையும் எடுத்துடுங்க."
பிறகு, இன்னொரு சாவி தொடங்கும் முன்,
"எடுத்துட்டு அங்கேயே போடுங்க."

எடுத்தேன்.
பொன் மூடியிருந்த இடத்தில்
கறுப்பு வாங்கிய நாளின் கறுப்பாகவே இருந்தது.
நரைத்த துணியில் பழைய எழுத்தை
கறுப்பே எழுதி வைத்திருந்தது.
அதை மறைக்க என்னிடம் நூல் இல்லை என்றேன்.
தலையை மட்டும் ஆட்டினாள்.

பதினெட்டாம் எண் ஊசி மாட்டினேன்.
முதலில் வட்டம், ஊமை வட்டம்;
முட்டையாகவில்லை.
அதன்கீழ் குட்டைத் தண்டு,
நீளப் படுக்கைக் கோடு.
பிறகு ஒற்று.
அதற்குச் சுண்ணக்கட்டி எடுக்கவில்லை.
ஊசி பழைய துளைகளுக்கு வழி தெரிந்து இறங்கியது.
முட்டிதான் என்னைக் கேட்காமல்
கொஞ்சம் அதிகம் அழுத்திவிட்டது.

விளக்கடியில் பிடித்துப் பார்த்தாள்.
"ஓக் பளபளன்னு இருக்கு,
ஹே ரின் மங்கலா இருக்கு."
"ரெண்டு கோடை வேர்க்கட்டும்" என்றேன்.

ஓரெழுத்துக் கூலி கேட்டேன்.
இரண்டாயிரம் வைத்தாள்:
ஒன்று எடுத்ததற்காம்,
ஒன்று போட்டதற்காம்.
வாங்கிக்கொண்டேன்.

கடை சாத்தும்போது பார்க்கிறேன்,
குடையை விட்டுப் போயிருக்கிறாள்.
மழையும் விட்டிருந்தது.
பிளாஸ்டிக் கைப்பிடியில் தடித்த மசி:
தாக் ஹே ரின்,
நடுநிலைப் பள்ளி, இரண்டாம் ஆண்டு.

நாளை வருவாள்.
இதில் என் ஊசி இறங்காது.